யாழ்ப்பாணம் வலிகாமத்துத் தவறணையில் பனங்கள்ளு: பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் போங்கோ

மாசி தொடங்கி ஆடி மட்டும் பனங்கள்ளுக் காலம். மற்ற மாதங்களில் தென்னங்கள்ளுதான் கூடுதலாக வரும். கள்ளுக்கடைக்குத் தவறணை என்ற பேரே போர்த்துக்கேயர் காலத்து எச்சம். பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத இந்தக் கூட்டுறவுத் தவறணையில் கள்ளு நல்லது. எந்த நேரம் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

சீவல்காரர் காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவி, கள்ளு வடியும் பானையான முட்டியை மாற்றுவார்கள். இரவு முழுக்க முட்டியில் வடிந்தது இறக்கும்போதே நுரைத்திருக்கும். பத்து மணியளவில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும். மதியம் தாண்டினால் புளிப்பு ஏறும், அடுத்தநாள் வினாகிரிதான். இங்கே உள்ள பெரிய குறை, மிஞ்சின காலைக் கள்ளைப் பின்னேரம் வரும் புதுக் கள்ளோடு கலப்பது. அப்படிக் கலந்தால் புதுசும் கெதியாகப் புளித்துவிடும். ஆகவே பின்னேரம் போனால், "இப்ப இறக்கினதோ அண்ணை?" என்று கேட்டு, அதைத் தனியாக வாங்குங்கோ.

தண்ணி கலந்த கள்ளை நிறத்திலேயே பிடிக்கலாம். நல்லது பால்வெள்ளையாக, நுரை ஓரத்தில் ஒட்டி நிற்கும். கலந்தது வெளிறி, நுரை உடனே அடங்கிவிடும். நாக்கில் இனிப்பு மட்டும் நின்று பனை மணம் இல்லாவிட்டால் சீனி போட்டிருக்கிறார்கள். இந்தத் தவறணையில் இரண்டும் இல்லை. தேனீயும் எறும்பும் மிதப்பது சாதாரணம், வடித்துத் தரச் சொல்லலாம்.

பிளாஸ்ரிக் கோப்பை வேண்டாம், பனையோலையில் மடித்த பிளா கேளுங்கோ. இருந்தால் தருவார்கள். பச்சை ஓலையின் வாசம் கள்ளோடு சேரும்போதுதான் பனங்கள்ளு முழுசாகிறது. கடிக்கக் கணவாய்ப் பொரியல் நல்ல உறைப்பு. மீன் பொரியல் ஆறிப்போய் வருகிறது, விடலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் போத்தலில் கால்வாசி இடம் விட்டு, மூடியைத் தளர்வாகப் பூட்டுங்கோ. இறுக்கினால் உள்ளே காற்று அடைத்து, வெயிலில் வெடிக்கும்.

வெறி வேண்டாதவர்களுக்குக் கருப்பணி, அதாவது பதநீர், உண்டு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்குவதால் நொதிக்காது. காலையிலேயே முடிந்துவிடும், முதல்நாள் சொல்லிவைக்கவேணும். சுண்ணாம்பு அடியில் படியவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் குடியுங்கோ. போயா (பௌர்ணமி) நாளில் பூட்டு, 21 வயதுக்குக் கீழே கள்ளு இல்லை.