சட்டைப்பை ஸ்கேன்: ஐப்பசியில் வாங்கியது, இன்றுவரை

தங்கச்சிமடத்தில் எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரி எங்களுடையது. போன ஐப்பசியில் மழையும் காய்ச்சலும் சேர்ந்து வந்த சமயம், போனில் செருகிப் பார்க்கும் கையடக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், திட்டவும் போகிறேன்.

வாங்கியது நுரையீரலுக்காகத்தான். வைரஸ் காய்ச்சலில் யாரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், யாரைப் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்பது என் தினசரித் தலைவலி.

முதல் வாரமே ஒரு விசைப்படகு டிரைவர் வந்தார். முதுகில் ஜெல் தடவிக் கருவியை வைத்ததும் திரையை எட்டிப் பார்த்தார். “நம்ம போட்டுல மீன் பாக்குற எக்கோ மாதிரில்ல இருக்கு டாக்டரம்மா?”

“அதேதான்ணே. அதுல மீன் தெரியும். இதுல காத்து நிறைஞ்சிருந்தா ஒண்ணுமே தெரியாது.”

அப்படி ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் நல்ல நுரையீரல். கருவி அனுப்பும் ஒலி காற்றில் மோதித் திரும்பும். நுரையீரல் உறைக்கும் கருவிக்கும் இடையே எதிரொலித்து, சம இடைவெளியில் வெறும் படுக்கைக் கோடுகளாக விழும். இவை ஏ-கோடுகள். உறையை ஒட்டிய பகுதியில் நீர் கோத்தால் அவை அழிந்து, உறையிலிருந்து திரையின் அடிவரை டார்ச் அடித்ததுபோல் கோடுகள் இறங்கும், மூச்சோடு அசையும். இவை பி-கோடுகள். ஒரு விலா இடுக்கில் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் விடக்கூடாது. இரு பக்கமும் சேர்த்து 12 இடம், இடத்துக்கு 0 (நல்லது) முதல் 3 (மோசம்) வரை மதிப்பெண், ஆக மொத்தம் 36. மறுநாள் திரும்பப் பார்த்து, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேஸ் ஷீட்டில் குறிப்பேன்.

பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் மூன்று நாள் காய்ச்சலோடு வந்தார். ஆக்சிஜன் 95. ஸ்டெத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “மூச்சடக்கி முங்குற எனக்கா நெஞ்சுல கோளாறு?” என்று சிரித்தார். ஸ்கேனில் முதுகின் கீழ்ப்பகுதி இரண்டு பக்கமும் பி-கோடுகள், நடுவே நடுவே நல்ல இடமும் இருந்தது. உறைக்கோடு வழவழப்பாக இல்லாமல் அரித்த கயிறு மாதிரி. சேர்த்துக்கொண்டேன். சாயங்காலம் வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டேன்: 90. அன்றிரவே பாலம் தாண்டினார். மூன்று வாரம் கழித்து வந்தபோதும் சில கோடுகள் மிச்சம் இருந்தன. நுரையீரல் சாவகாசமாகத்தான் தேறும்.

இதை வைத்து எந்த வைரஸ் என்று கேட்காதீர்கள், அதற்குச் சளி எடுத்துச் சோதிக்க வேண்டும். உறையைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் கோளாறும் தெரியாது, அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். இதயம் பலவீனமானாலும் பி-கோடு வரும். கால் வீங்கி வந்த ஒரு பெரியவருக்கு இருமலை மட்டும் கேட்டுவிட்டு வைரஸ் நிமோனியா என்று எழுதத் தொடங்கிவிட்டேன். கோடுகள் இரு பக்கமும் ஒரே சீராக இருந்தன, உறையும் வழவழப்பு. அப்புறம்தான் வீங்கிய காலைப் பார்த்தேன்: கோளாறு இதயத்தில். கண் திரையிலேயே இருந்தால் இப்படித்தான் ஆகும். இது கருவியின் குற்றம் இல்லை, என்னுடையது.

அதன் குற்றங்கள் வேறு. இருபது நிமிடம் ஓட்டினால் கை சுடும், உடனே எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பேட்டரியோ ஐந்தாறு நோயாளிகளுக்கு மேல் தாங்காது. எங்கள் ஊர் கரண்டுக்கு இது போதாது. படத்தைச் சேமிக்க ஆண்டுச் சந்தா வேறு. விற்க வந்த பையன் அதைச் சொல்லவே இல்லை.

வாங்க நினைக்கும் டாக்டர்களுக்கு ஒன்று: சட்டைப்பையில் அடங்கினாலும் சட்டப்படி இதுவும் ஸ்கேன் மெஷின்தான். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும், இஷ்டத்துக்கு வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பதிவுக்கு நான் அலைந்த அலைச்சலில் பாதிகூடக் கருவியைக் கற்றுக்கொள்ள ஆகவில்லை.

படத்துக்கு ஐந்துக்கு நாலரை. துடைத்துச் சுத்தம் செய்வது சுலபம், அதற்கு நாலு. பேட்டரிக்கு ஒன்று, அதுவும் இரக்கப்பட்டு.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அந்த விசைப்படகு டிரைவரண்ணன் போன வாரம் வந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. “கடலுக்குப் போகுமுன்ன எக்கோவுல ஒருக்கா பாத்துருங்கம்மா” என்றார். சார்ஜ் 8 சதவீதம். நாளைக்கு வாங்கண்ணே என்று அனுப்பிவிட்டேன்.