மதிப்பெண் 94, பக்கம் மட்டும் திறக்கவில்லை: இணையதள வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் விற்கும் எங்கள் குடும்பக் கடையின் இணையதளத்தை வேகப்படுத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு நிறுவனம், வேகத்தைக் கூட்டாமல் வேகத்தை அளக்கும் கருவியை மட்டும் ஏமாற்றும் நிரலை எங்கள் தளத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதே நிரலை, ஒரு வரிகூட மாற்றாமல், பலரும் பல கடைகளில் ஒட்டிவருவதால், பெயரைவிடச் செய்முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் தளம் மெதுவாக இருந்தது என்பது உண்மை. இணையதளம் நடத்த உதவும் வோர்ட்பிரஸ் மென்பொருளில், கடைக்கான துணை நிரலான வூகாமர்ஸ் வைத்து நடத்தும் கடை அது. "படம் வரவே மாட்டேங்குதுங்க, சுத்திக்கிட்டே இருக்குது" என்று வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் சொல்வது வாடிக்கையாகியிருந்தது. அந்த நேரத்தில்தான் அந்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் எங்கள் முகப்புப் பக்கம் சிவப்பு வட்டத்துக்குள் 31 என்று மதிப்பெண் வாங்கியிருந்த படத்தை இணைத்திருந்தார்கள். மதிப்பெண் 90க்கு மேல் போகாவிட்டால் கூகுள் எங்கள் கடையைத் தேடலில் பின்னுக்குத் தள்ளிவிடும் என்றும், ஒரே வாரத்தில் 90ஐத் தாண்ட வைப்போம் என்றும், மொத்தக் கட்டணம் 18,000 ரூபாயில் பாதியை முன்பணமாகத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். வோர்ட்பிரஸ் நிர்வாகிக் கடவுச்சொல்லையும், தளத்தை வைத்திருக்க இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சொன்னபடி ஒரு வாரத்தில் 94 என்று பச்சை வட்டம் போட்ட படம் வந்தது. நாங்களே கருவியில் போட்டுப் பார்த்தபோதும், ஓரிரு புள்ளி ஏறி இறங்கியதைத் தவிர, அதே மதிப்பெண்தான் காட்டியது. ஆனால் கடையில் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியில் பக்கத்தைத் திறந்தால் முன்பு எடுத்துக்கொண்ட அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. தொலைபேசிப் புகார்களும் குறையவில்லை. அந்த நிறுவனத்தைக் கேட்டபோது, அது உங்கள் பகுதியின் நெட்வொர்க் சிக்கல் என்றார்கள்.

இந்த இடத்தில் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் காட்டும் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மோசடி முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. பெரிய வட்டத்தில் தெரியும் மதிப்பெண், லைட்ஹவுஸ் என்ற நிரல் கூகுளின் கணினி ஒன்றிலிருந்து உங்கள் பக்கத்தை ஒரே ஒரு முறை திறந்து பார்த்துப் போடும் மதிப்பெண். நடுத்தரக் கைபேசியும் மெதுவான 4ஜி இணைப்பும் இருப்பதுபோல் பாவித்துச் செய்யும் சோதனை அது. அதற்கு மேலே, உண்மையான பயனர்களின் அனுபவம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். குரோம் உலாவியில் உங்கள் தளத்துக்கு வந்த உண்மையான மனிதர்களுக்குக் கடந்த 28 நாட்களில் பக்கம் எப்படித் திறந்தது என்ற கணக்கு அது. நூறு வருகையில் எழுபத்தைந்து வருகைக்காவது கிடைத்த வேகம் எதுவோ அதைத்தான் அங்கே எண்ணாகக் காட்டுகிறார்கள். பக்கத்தின் முக்கியமான பெரிய படமோ எழுத்தோ திரைக்கு வர ஆகும் நேரமான எல்சிபி 2.5 வினாடிக்குள்ளும், தொட்டால் பக்கம் பதில் சொல்ல ஆகும் நேரமான ஐஎன்பி 200 மில்லிவினாடிக்குள்ளும், படிக்கும்போதே உள்ளடக்கம் இடம் மாறிக் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் 0.1க்குள்ளும் இருந்தால் நல்லது என்பது கூகுளின் வரம்பு. தேடல் தரவரிசையில் கூகுள் கணக்கில் எடுப்பது இந்த உண்மைப் பயனர் அளவைத்தான். வட்டத்துக்குள் இருக்கும் லைட்ஹவுஸ் மதிப்பெண்ணை அல்ல. மின்னஞ்சலில் எங்களுக்குக் காட்டிய பயம் அடிப்படையிலேயே பொய்.

வேலை முடிந்ததாகச் சொன்ன நாளிலிருந்து 28 நாட்கள் கழித்துப் பார்த்தோம். எல்சிபி ஆறு வினாடிக்கு மேல், முன்பு இருந்த இடத்திலேயே நின்றது.

குட்டு உடைந்தது எங்கள் அண்ணன் மகளால். அவளுடைய மடிக்கணினியில் விண்டோஸ் கிடையாது, உபுண்டு லினக்ஸ்தான். விடுமுறைக்கு வந்திருந்தவள் கடைத் தளத்தைத் திறந்து, "சித்தப்பா, படம் எதுவுமே வரலையே, கூடையில சேர்க்கிற பட்டனும் வேலை செய்யலையே" என்றாள். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. ஆனால் அது வெறும் எலும்புக்கூடாக இருந்தது. முகப்பில் படம் ஓடும் இடம் வெற்றாக இருந்தது, விலைக்குக் கீழே இருந்த பட்டன் அழுத்தினால் அசையவில்லை. அதே நேரத்தில், அதே வைஃபையில், என் விண்டோஸ் கணினியில் எல்லாம் வந்தது, வழக்கம்போல மெதுவாக.

அவள் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து காட்டினாள். தலைப்பகுதியில், மற்ற எல்லா நிரலுக்கும் முன்னால், படிக்க முடியாதபடி சுருக்கி எழுதிய ஒரு துண்டு இருந்தது. அதை விரித்துப் பார்த்தால் அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நேவிகேட்டர்.பிளாட்ஃபார்ம் என்ற இடத்தில் உலாவி தன்னை 'லினக்ஸ் எக்ஸ்86_64' (சாதாரணக் கணினிச் சிப்பில் ஓடும் லினக்ஸ்) என்று சொல்கிறதா? ஆம் என்றால், பக்கத்துக்குள் வரும் ஸ்கிரிப்ட்டுகள் எனும் சிறு நிரல்களையும் படங்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். கூகுளின் சோதனைக் கணினி லினக்ஸில் ஓடுவது. அது தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியும் லினக்ஸ்தான் என்றாலும் அதன் சிப் வேறு என்பதால் பெரும்பாலும் 'லினக்ஸ் ஆர்ம்' என்று தொடங்கும் வேறொரு பெயரைச் சொல்லும். விண்டோஸ் கணினி 'வின்32' என்று சொல்லும். ஆகவே சோதிக்க வருபவருக்கு மட்டும் காலிப் பக்கம், வாங்க வருபவருக்குப் பழைய கனமான பக்கம். மேசையில் லினக்ஸ் வைத்திருக்கும் வாடிக்கையாளர் யாராவது வந்திருந்தால், அவருக்கு எங்கள் கடை மூடிக் கிடந்திருக்கிறது.

இதற்குக் கீழே இன்னொரு வித்தையும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் படம் ஒன்றை, அகலமும் உயரமும் 99999 என்று கொடுத்து, திரை முழுவதையும் மூடும்படி வைத்திருந்தார்கள். பக்கத்தின் மிகப் பெரிய படம் இதுதான் என்று எல்சிபி கணக்கு நம்பிவிடும். வெற்றுப் படம் உடனே வந்துவிடுவதால் எல்சிபி குறைந்துவிடும் என்பது உத்தி. 2023 ஏப்ரலில் வந்த குரோம் 112 முதல், உள்ளே விஷயமே இல்லாத இப்படிப்பட்ட படங்களை எல்சிபி கணக்கில் சேர்ப்பதில்லை. செத்துப்போன வித்தையையும் சேர்த்தே ஒட்டியிருக்கிறார்கள் என்றால், எங்கள் தளத்தை ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவேயில்லை என்றுதான் அர்த்தம். எனக்கு மிகவும் கோபம் வந்தது இதைப் பார்த்தபோதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட்டுகளைத் தாமதமாக ஏற்றுவது எல்லாமே மோசடி அல்ல. அரட்டைப் பெட்டி, விளம்பரக் கண்காணிப்பு போன்றவற்றைப் பயனர் திரையைத் தொட்ட பிறகு ஏற்றுவது முறையான வழிதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி அதைச் செய்தால் அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மெனு, கூடை உட்பட அனைத்தையும் அப்படி நிறுத்தி வைத்தால், மதிப்பெண் ஏறும், முதல் தொடுதல் வீணாகும். சோதிப்பவர் யார் என்று பார்த்து ஆளுக்கொரு பக்கம் கொடுப்பதோ முழு மோசடி.

நிரலின் படத்தோடு கேட்டபோது அவர்கள் மறுக்கவில்லை. "நீங்கள் கேட்டது மதிப்பெண், மதிப்பெண் வந்துவிட்டது" என்றார்கள். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் வேகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேஜ்ஸ்பீட் மதிப்பெண் 90க்கு மேல் என்பதைத் தவிர வேறு அளவே இல்லை. அப்படி எழுதியது அவர்கள்தான். மீதிப் பாதியை நாங்கள் தரவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை.

உண்மையான நோய் என்ன என்பதைப் பிறகு அண்ணன் மகளும் அவளுடைய நண்பர் ஒருவரும் கண்டுபிடித்தார்கள். குரோமில் டெவலப்பர் கருவியைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் இணைப்பை மெதுவான 4ஜிக்கு மாற்றிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், எந்தக் கோப்பு எப்போது கிளம்பி எப்போது வந்து சேர்ந்தது என்பது பட்டை பட்டையாகத் தெரியும். எங்கள் பக்கத்தின் முதல் பட்டையே நீண்டு கிடந்தது: படத்தை விடுங்கள், தளம் இருக்கும் கணினியான சர்வரிலிருந்து முதல் எழுத்து வருவதற்கே மூன்று வினாடிக்கு நெருக்கமாக ஆகியிருந்தது. 0.8 வினாடிக்குள் வருவதுதான் நல்லது. காரணம், சர்வர் அமெரிக்காவில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஒரு முறை போய்வர 200 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். புதிதாக வருபவருக்கு இணைப்பைத் திறக்க, பாதுகாப்புச் சாவி மாற்றிக்கொள்ள, பக்கத்தைக் கேட்க என்று பொதுவாகக் குறைந்தது மூன்று முறை போய்வர வேண்டும். அதற்கு மேல், பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு வருகைக்கும் 2022 நவம்பரோடு ஆதரவு முடிந்துபோன பிஎச்பி 7.4 (வோர்ட்பிரஸ்ஸை இயக்கும் நிரல்மொழியின் பழைய பதிப்பு) முழுப் பக்கத்தையும் புதிதாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. வேகப்படுத்துவதாகப் பணம் வாங்கியவர்கள் இதைத் தொடவே இல்லை.

ஹோஸ்டிங்கை மும்பை சர்வருக்கு மாற்றி, பிஎச்பியைப் புதுப்பித்து, கேஷ் வைத்தவுடனேயே பாதி நோய் தீர்ந்தது. கேஷ் வைக்கும்போது கூடை, பணம் செலுத்துதல், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களை விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய கூடை இன்னொருவருக்குத் தெரியும் ஆபத்து உண்டு.

அடுத்தது படங்கள். கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றிய, ஒவ்வொன்றும் ஐந்து எம்பி அளவுள்ள படங்கள் முகப்பில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கைபேசித் திரைக்கு 1,200 பிக்சல் அகலம் போதும். ஓடும் படங்களை எடுத்துவிட்டு ஒரே படம் வைத்தோம். அந்த முதல் படத்துக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும்போது ஏற்றும் வசதியை நிறுத்தினோம்; பக்கம் திறந்தவுடன் தெரிய வேண்டிய படத்தைத் தாமதப்படுத்தினால் எல்சிபி கூடத்தான் செய்யும். வோர்ட்பிரஸ் 5.9 முதல் இதைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது என்றாலும், எங்கள் தளத்தின் வடிவமைப்பான தீமில் படம் ஓட்டும் பிளக்இன் (துணை நிரல்) அதை மீறிக்கொண்டிருந்தது. படங்களை, அளவு குறைவான வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றியபோது ஜவுளிக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று தெரிந்தது. சாதாரண வெப்பி சுருக்கம் நிறத் தகவலைப் பாதித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். ஜமக்காளத்தில் சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் ஒட்டி நிற்கும் இடத்தில் நிறம் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, சாயம் போன துணிபோலத் தெரிந்தது. வாடிக்கையாளர் துணியை நம்புவது அந்த விளிம்பை வைத்துத்தான். ஆகவே நெசவைக் கிட்டத்தில் காட்டும் படங்களை மட்டும் நிறத் துல்லியம் குறைக்காத ஜேபெக் (JPEG) படங்களாகவே வைத்துக்கொண்டோம். கொஞ்சம் கனம் கூடினாலும் பரவாயில்லை.

பயன்படுத்தாத எழுத்துருக்கள், இரண்டு இடத்தில் இரண்டு முறை ஏறிக்கொண்டிருந்த ஃபேஸ்புக் கண்காணிப்பு நிரல் போன்றவற்றை எடுத்ததும் சேர்ந்து, எல்சிபி இப்போது 2.7 வினாடியில் நிற்கிறது. கூகுளின் வரம்பை இன்னும் எட்டவில்லை. லைட்ஹவுஸ் மதிப்பெண் 71தான். ஆனால் படம் வரவில்லை என்ற தொலைபேசி அழைப்புகள் ஏறக்குறைய நின்றுவிட்டன.

இப்படி ஒரு வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தில் மதிப்பெண்ணை எழுதவே விடாதீர்கள். உண்மைப் பயனர் அளவில் கைபேசிக்கான எல்சிபி எத்தனை வினாடிக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். மீதிப் பணத்தை வேலை முடிந்து 28 நாட்கள் கழித்துத் தருவதாகச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் அதற்கு ஒப்புக்கொள்வார். உங்கள் தளத்துக்கு வருகை குறைவென்றால் அந்தப் பகுதி காலியாக இருக்கலாம். அப்போது விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் பக்கம் திறப்பதைக் காணொளியாகப் பதிந்து ஒப்பிடுங்கள். மதிப்பெண் படம் அனுப்பினால் அது கைபேசிக்கானதா, பெரும்பாலும் அதிகம் காட்டும் கணினிக்கானதா என்று பாருங்கள். சர்வர் எங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே 90க்கு மேல் என்று உறுதி சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய தேவையே இல்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்து வேலை முடிந்திருந்தால், பக்கத்தின் மூல நிரலில் நேவிகேட்டர்.பிளாட்ஃபார்ம் (navigator.platform), எக்ஸ்86_64 (x86_64), லைட்ஹவுஸ் (lighthouse), இன்னொரு வேகச் சோதனைக் கருவியான ஜிடிமெட்ரிக்ஸ் (gtmetrix), 99999 ஆகியவற்றை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். எங்கள் தளத்தில் இந்த நிரலின் ஒரு பகுதி அவர்களுடைய சர்வரிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. அதாவது, அவர்கள் நினைத்தால் எங்கள் பணம் செலுத்தும் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் நுழைத்திருக்கலாம். வோர்ட்பிரஸ் பயனர் பட்டியலில் நாங்கள் உருவாக்காத நிர்வாகிக் கணக்கு ஒன்றும் இருந்தது. அப்படி ஒன்று உங்கள் தளத்தில் இருந்தால், நீக்குவதற்கு முன் அந்தக் கணக்கு எப்போது உருவானது, எங்கிருந்து உள்நுழைந்தது என்ற சர்வர் பதிவுகளையும் நிரலையும் நகலெடுத்து வைத்துவிட்டு, வோர்ட்பிரஸ், ஹோஸ்டிங், கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி, தரவுத்தளம் என எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். சைபர் குற்றப் புகாருக்கு 1930, நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்கள் இருக்கின்றன. பணம் அனுப்பிய ரசீது, ஒப்பந்தம், அந்த நகல்கள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.