இசட்-3 சால்வர்: எந்திரம் கெட்டி, பைத்தான் உறையில்தான் கவனம் வேண்டும்

கணினியியலில் தர்க்கம் பற்றி ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க முடியாத எஸ்எம்டி சால்வர் இசட்-3, அதாவது கொடுத்த தர்க்க, கணித நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்று தானாகப் பார்க்கும் கருவி. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் லியனார்டோ டி மௌராவும் நிக்கோலாய் பியோர்னரும் உருவாக்கி, 2008இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2015 முதல் எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிரலின் சரித்தன்மையை நிரூபிக்க உதவும் டாஃப்னி போன்ற சரிபார்ப்பு மொழிகள் உள்ளுக்குள் இதைத்தான் ஓட்டுகின்றன.

நிபந்தனைகளைக் கொடுத்தால், அவை நிறைவேறக்கூடியவை என்றால் ‘சாட்’ என்று சொல்லி, நிறைவேற்றும் மதிப்புகளையும் தரும். இல்லாவிட்டால் ‘அன்சாட்’ (நிறைவேறாது) அல்லது ‘அன்நோன்’ (தெரியவில்லை). ஒன்றை நிரூபிக்க, அதன் மறுப்பைக் கொடுத்து அன்சாட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச்சில் நடு இடத்தைக் கணக்கிடும் (லோ + ஹை) / 2 என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ஜாவா நூலகத்திலேயே பல ஆண்டுகள் ஒளிந்திருந்து, 2006இல் ஜோஷுவா பிளாக் எழுதி வெளிச்சத்துக்கு வந்த பிழை. இரண்டையும் 32 பிட் ‘பிட்வெக்’ (கணினி எண் போல அளவு குறிப்பிட்ட பிட் வரிசை) ஆக வைத்து, 0 ≤ லோ ≤ ஹை என்று கட்டி, நடு மதிப்பு லோவைவிடக் குறையுமா என்று கேளுங்கள். உடனே சாட். கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டும் ஒரு ஜோடியையும் காட்டும். லோ + (ஹை − லோ) / 2 என்று மாற்றினால் அன்சாட். ஆனால் பிட்வெக்குக்குப் பதில் ‘இன்ட்’ போட்டிருந்தால் பழைய வரிக்கும் அன்சாட்தான் வந்திருக்கும், ஏனென்றால் இங்கே இன்ட் என்பது எல்லையில்லாத கணித முழு எண். பிழை அப்படியே இருக்க, நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

பிட்வெக்கிலும் ஒரு கண்ணி உண்டு. பைத்தான் உறையில் (பைத்தான் மொழியிலிருந்து சால்வரை அழைக்கும் நூலகம்) ‘<’, ‘/’, ‘>>’ மூன்றும் குறியுள்ள, அதாவது எதிர்மறையும் வரக்கூடிய எண்களுக்கானவை. சி மொழியின் அன்சைன்ட் (குறியற்ற) எண்களுக்கு யுஎல்டி, யுடிவ், எல்ஷ்ஆர் ஆகியவற்றை எழுத வேண்டும்.

இதைவிட மோசமானது பைத்தானின் சொந்த ‘ஆண்ட்’. எக்ஸ் == 1, ஒய் == 2 இரண்டையும் அதனால் இணைத்தால் இரண்டாவது நிபந்தனை சத்தமில்லாமல் காணாமல் போகும். முதல் சமன்பாட்டின் இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று மட்டும் பைத்தான் பார்க்கிறது. இல்லை என்றதும் அங்கேயே நின்றுவிடுகிறது. ‘<’ வைத்து எழுதினாலாவது பிழைச்செய்தி வரும், சமக்குறிக்கு அதுவும் வராது. நூலகம் தரும், பெரிய எழுத்தில் தொடங்கும் ஆண்ட் செயலிதான் சரி. இத்தனை வயதான கருவியில் இதை இன்னும் விட்டுவைத்திருப்பது எரிச்சல்தான்.

வகுத்தலில் பூஜ்யத்தைத் தடுக்காவிட்டால், இன்ட், ரியல் இரண்டிலும் பூஜ்யத்தால் வகுத்த விடைக்குச் சால்வர் தனக்கு வசதியான மதிப்பை வைத்துக்கொள்ளும். ஒய் ≠ 0 என்று நீங்களே சேர்க்க வேண்டும். அன்சாட் வந்ததும் கொண்டாடவும் வேண்டாம். மறுத்த இலக்கை எடுத்துவிட்டு, அனுமானங்களை மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். அதற்கும் அன்சாட் என்றால் அனுமானங்களே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எவை என்று அன்சாட் கோர் (முரண்படும் நிபந்தனைகளின் பட்டியல்) காட்டும்.

வேகம் கேள்வியைப் பொறுத்தது. நேரியல் கணக்குகள் பெரும்பாலும் பறக்கும். மாறியை மாறியால் பெருக்கும் முழு எண் கணக்குக்குப் பொதுவான தீர்வு முறையே கிடையாது என்று 1970இலேயே கணிதவியலாளர் மத்தியாசெவிச் முடித்துக்காட்டிவிட்டார், எனவே அங்கே அன்நோன் வந்தால் கருவியைத் திட்டிப் பயனில்லை. 64 பிட் பெருக்கலும் திணறவைக்கும், அது பிட் பிட்டாக உடைந்து, உண்மை-பொய் மாறிகள் மட்டுமே கொண்ட பெரிய சாட் சிக்கலாகிவிடும். டைம்அவுட்டை (எவ்வளவு நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பதை) மில்லிசெகண்டில் கொடுங்கள்: 5000 என்றால் 5 நொடி. நிபந்தனைகளைத் தற்காலிகமாகச் சேர்த்து நீக்கும் புஷ், பாப் பயன்படுத்தினால் உள்ளே வேறு சால்வர் இயங்கத் தொடங்கும், பிட்வெக் கேள்விகள் அதில் மந்தமாகலாம். பதிப்பு மாறினாலும் ஓடும் நேரம் மாறும், அதனால் ஆய்வுக் கட்டுரையில் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

நிறுவும்போது பைத்தானின் பொதி நிறுவியான பிப்பில் ‘இசட்3-சால்வர்’ என்ற பொதியைத்தான் எடுக்க வேண்டும், வெறும் ‘இசட்3’ என்பது வேறு பொதி.

பரிசோதிக்கக்கூடிய நிரூபணம் கையில் வேண்டும் என்றால் சிவிசி5 என்ற இன்னொரு எஸ்எம்டி சால்வர் மேல். நிபந்தனைகளை எஸ்எம்டி-லிப் என்ற பொது வடிவில் எழுதி வைத்தால் இரண்டிலும் ஒரே கோப்பை ஓட்டிப் பார்க்கலாம்.