உலக மாஸ்டர் வருகிறார் என்று பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மலேசியத் தோட்டப்புறங்களில் சிலம்ப வகுப்பு நடத்துகிறவர்களுக்கும், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. ஆசியா முழுக்கச் சுற்றித் தற்காப்புக் கலை செமினார் நடத்துவதாகச் சொல்லும் ஒரு வெளிநாட்டு மாஸ்டரும், அவருக்கு ஊர் பிடித்துக் கொடுக்கும் கோலாலம்பூர் ஏஜெண்ட் ஒருவரும் சேர்ந்து பேராக்கில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் நன்றாக வசூல் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது ஜொகூர் பக்கம் ஓர் ஊருக்குப் போஸ்டர் போட்டிருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர்களை எழுதவில்லை. பெயரை அவர்கள் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். வேலை செய்யும் விதத்தை மாற்றமாட்டார்கள், அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பு கோயில் திடலில் நடக்கிறது. வாத்தியார் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே கம்பு சொல்லித் தருகிறவர். மாதக் கட்டணம் 20 வெள்ளி (ரிங்கிட்). முடியாதவர்களிடம் அதுவும் கேட்பதில்லை. வரும் பணம் பிரம்பு வாங்கவும் போட்டிக்கு வேன் எடுக்கவும் சரியாகப் போய்விடும். கணக்கு என் பொறுப்பு. ரசீது, வங்கிச் சீட்டு, புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த குரல் பதிவு எல்லாம் கையில் இருப்பதால், கீழே உள்ள தொகைகள் எதுவும் குத்துமதிப்பு அல்ல.

ஏஜெண்ட் முதலில் என்னிடம்தான் பேசினார். இனிக்க இனிக்கப் பேசும் ஆள். “அக்கா, சுங்கை சிப்புட்னா சும்மாவா? அவசரகாலமே அங்கதான ஆரம்பிச்சது. அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் ஊரு வேற. மாஸ்டருக்கு இந்த மாதிரி ஊருன்னா ரொம்ப இஷ்டம்” என்றார். 1948 ஜூனில் இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதை வைத்து ஒருவர் செமினார் விற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விலை இப்படி: பெரியவர்களுக்கு 180 வெள்ளி, பிள்ளைகளுக்கு 120. இரண்டு நாள், மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி, மதியச் சாப்பாடு, அனைத்துலகச் சான்றிதழ். மண்டபம் நாங்கள் பிடிக்க வேண்டும். மாஸ்டருக்கு ஈப்போவில் ஹோட்டலும் போக வர வேனும் எங்கள் செலவு. 40 பேருக்குக் குறைந்தால் மீதித் தொகையையும் வகுப்பே கட்ட வேண்டும். அதாவது செமினார் நன்றாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு காசு நட்டமில்லை. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் அந்தச் சம்பளத்துக்குக் குலை வெட்டுகிறவர் இரண்டு பிள்ளைகளுக்கு 240 வெள்ளி எடுத்து வைப்பது விளையாட்டு இல்லை.

ஆனாலும் கட்டினார்கள். காரணம் அந்தச் சான்றிதழ். நம் பிள்ளைகள் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும்போது புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு புள்ளி இருக்கிறது அல்லவா? அதில் இந்தத் தாள் அனைத்துலக நிலையில் சேரும் என்று ஏஜெண்ட் குரல் பதிவிலேயே சொல்லியிருக்கிறார். தோட்டத்துப் பெற்றோருக்கு எங்கே வலிக்கும், எங்கே ஆசை இருக்கும் என்று தெரிந்து போட்ட தூண்டில் அது. பிறகு பள்ளிப் புறப்பாட ஆசிரியரிடம் காட்டியபோது, ஒரு தனியார் நடத்திய இரண்டு நாள் வகுப்பை அனைத்துலக நிலை என்று பதிவு செய்ய வழியே இல்லை என்று சொல்லிவிட்டார்.

பணம் போனது ஏஜெண்டின் சொந்த வங்கிக் கணக்குக்கு. நிறுவனக் கணக்கு இல்லையா என்று கேட்டதற்கு, “திறந்துக்கிட்டு இருக்கோம் அக்கா” என்றார். பெற்றோர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி ரசீது கொடுத்தால்தான் பணத்தை அனுப்புவேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

முதல் நாள் காலை 9 மணிக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தது. பிள்ளைகள் எட்டரைக்கே கம்போடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் ஈப்போவில் பசியாறி, வழியில் ஒரு குகைக்கோயிலில் படம் எடுத்துக்கொண்டு பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். ஏழு கலைகளில் கருப்புப் பட்டை, அதில் பிரேசிலிய ஜூஜிட்ஸுவை மட்டும் இரண்டே ஆண்டில் முடித்தாராம்.

இதைக் கேட்டதும் தெரிந்தவர்கள் எழுந்து போயிருக்க வேண்டிய இடம் இது. அந்தக் கலையின் அனைத்துலகச் சம்மேளன விதிப்படி கருப்புப் பட்டைக்கு வயது 19 ஆகியிருக்க வேண்டும். பொதுவாக நீலப் பட்டையில் இரண்டு ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் ஓர் ஆண்டு இருந்தாக வேண்டும். நீலத்துக்கு வருவதற்கே காலம் பிடிக்கும். நடைமுறையில் பத்து ஆண்டு ஆகிறவர்கள்தான் அதிகம். டேக்வாண்டோ என்றால் சரிபார்ப்பது இன்னும் சுலபம். சியோலில் உள்ள குக்கிவோன் தலைமையகம் கொடுக்கும் டான் (கருப்புப் பட்டை நிலை) சான்றிதழில் எண் இருக்கும், அதை அவர்களிடமே சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டோம். சான்றிதழ் ஊரில் இருக்கிறதாம்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தொடாமலேயே ஆளை விழவைக்கும் சக்தி தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினார். அவர் கூட்டி வந்த உதவியாளர் மின்சாரம் அடித்த மாதிரி சுருண்டு விழுந்தார். இரண்டு பையன்களை முன்னே கூப்பிட்டுக் காதில் ஏதோ பேசி நிற்க வைத்தார், அவர்களும் தடுமாறினார்கள். மண்டபம் கைதட்டியது. எங்கள் வாத்தியார் எழுந்து போய் எதிரே நின்று, “என்னையும் விழ வைங்க தம்பி” என்றார். மாஸ்டர் கையை வீசினார், மூச்சை இழுத்து விட்டார், சத்தம் போட்டார். எழுபதைத் தாண்டிய மனிதர் அசையவே இல்லை. கடைசியில் மாஸ்டர் சொன்ன காரணம், வாத்தியார் கால் கட்டைவிரலைத் தூக்கி வைத்திருந்தாராம், அதனால் சக்தி பாயவில்லையாம். வாத்தியார் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இந்த வித்தை எல்லா நாட்டிலும் ஓடியிருக்கிறது, எல்லா நாட்டிலும் மாட்டியிருக்கிறது. ஜப்பானில் யானாகி ரியூகென் என்பவர் தன் மாணவர்களைத் தொடாமலே வரிசையாக விழவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். 2006இல் வெளி ஆள் ஒருவரோடு மோதி முகத்தில் அடி வாங்கினார். 2017இல் சீனாவின் செங்டு நகரில் தைச்சி மாஸ்டர் வெய் லெய் என்பவரை ஷூ சியாவ்டோங் என்ற சண்டை வீரர் பத்துப் பதினைந்து நொடியில் வீழ்த்திய காணொளி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குரு கை நீட்டினால் விழ வேண்டும் என்று பழகிய மாணவன் விழுவான், பழகாதவன் விழமாட்டான். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவழியாகக் கம்பைக் கையில் எடுத்தார்கள். 28 அங்குலப் பிரம்பு, கைக்கு ஒன்றாக இரண்டு. தன் தாத்தா யாருக்கும் சொல்லாமல் காத்து வந்த பின்னல் அடி என்று அறிமுகம் செய்தார். எங்கள் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கொஞ்சம் மாற்றினால் அவர்கள் ஆடும் இரட்டைக் கம்புதான் அது. நான் எடுத்த காணொளியைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். அவன் அங்கே பிலிப்பீன்ஸ் வாத்தியார் ஒருவரிடம் அந்நாட்டுக் கம்புக் கலையான ஆர்னிஸ் கற்கிறவன். “அத்தை, இது சினவாலி. ஆர்னிஸ்ல ஆரம்பத்துலயே சொல்லிக் குடுக்குறதுதான்” என்று உடனே பதில் வந்தது. செபு நகரில் 1932இல் தோசே பாரெஸ் என்ற கம்புக் கலை அமைப்பு தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் பொதுவில் கற்றுக்கொடுத்து வரும் கலை. 2009இல் சட்டம் போட்டு அந்த நாடு அதைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்துவிட்டது. மாஸ்டர் இரண்டு நாளிலும் பிலிப்பீன்ஸ் என்ற பெயரை உச்சரிக்கவே இல்லை. எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆத்திரம். கம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, யாரிடம் கற்றோம் என்று சொல்லித்தான் எங்கள் பிள்ளைகள் ஆடத் தொடங்குவார்கள்.

இரண்டாம் நாள் ஆயுதம் பறிக்கும் பயிற்சி. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, கைக்கு உறை இல்லை, பஞ்சு சுற்றிய கம்பும் இல்லை. முதலில் மெதுவாகச் செய்து காட்டவும் இல்லை. பிள்ளைகளை ஜோடி சேர்த்து வேகமாக அடிக்கச் சொல்லிவிட்டுத் தன் டீ சட்டை விற்கும் மேசைக்குப் போய்விட்டார். 13 வயதுப் பையன் ஒருவனுக்குக் கட்டைவிரலில் அடி விழுந்து வீங்கியது. ஐஸ் வைத்தால் போதும் என்றார் மாஸ்டர். அம்மா அவனை அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஒரு வெள்ளி கட்டிச் சீட்டு எடுத்துக் காட்டியதில் எலும்பில் கீறல் என்று தெரிந்தது. ஏஜெண்ட் அந்த அம்மாவுக்குப் போன் செய்தார், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்க அல்ல. புலனக் குழுவில் படத்தைப் போட வேண்டாம் என்று கேட்கத்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. கடைசி ஒரு மணி நேரம் வியாபாரம். மூத்த இளைஞர்கள் நான்கு பேரைத் தனியாக அழைத்து, ஆளுக்கு 650 வெள்ளி கட்டினால் உதவிப் பயிற்றுநர் பட்டம், காணொளிப் பாடம், அடுத்த ஆண்டு பேங்காக் முகாம் என்றார். நான்கு பேரும் கட்டினார்கள். வகுப்புக்கு வேறொரு யோசனை வைத்திருந்தார். 1,200 வெள்ளி கொடுத்தால் பேராக் மாநிலப் பிரதிநிதி என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். வாத்தியார் அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை.

சான்றிதழ்கள் பல வாரம் கழித்துக் கைப்பேசிக்குப் படமாக வந்தன. பாதிப் பெயர்கள் தப்பு. எல்லாச் சான்றிதழிலும் ஒரே வரிசை எண். காணொளிப் பாடம் வரவில்லை. கேட்டால் மாஸ்டர் தாய்லாந்தில் இருக்கிறார், அப்புறம் வியட்நாமில் இருக்கிறார் என்றார்கள், அதற்குப் பிறகு எங்கள் எண்களைத் தடுத்துவிட்டார்கள்.

ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகனின் வாத்தியாரே வருடத்தில் சில மாதம் அப்படிப் போகிறவர்தான். வருகிற கூட்டத்துக்கு ஏற்ப வசூலில் பங்கு வாங்குவாராம், ஆள் குறைந்தால் அவருக்கும் குறையும். யாரிடம் கற்றார் என்று முதலிலேயே சொல்வார். கலந்துகொண்டதற்குச் சீட்டு கொடுப்பார், பட்டம் கொடுக்கமாட்டார். இரண்டு நாள் பார்த்த பையனுக்கு எதை வைத்துப் பட்டம் கொடுப்பது?

இப்போது நாங்கள் செய்திருப்பதைச் சொல்கிறேன், மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்கும் உதவும். போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. பெற்றோர்கள் ரசீதை வைத்துத் தனித்தனியாகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஏஜெண்ட் மேல் மனுப் போட்டிருக்கிறார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பாரத்தை நிரப்பத் தெரியாதவர்களுக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். வெளிநாட்டு ஆள் இங்கே காசு வாங்கிச் சொல்லித்தர வேண்டுமென்றால் சுற்றுலா அனுமதி போதாது, பாஸ் லாவாத்தான் இக்திசாஸ் என்ற தொழில்முறை வருகை அனுமதி வேண்டும். இவரிடம் அது இருந்ததா என்று குடிநுழைவுத் துறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிந்திருக்க வேண்டும். தங்களுடையது என்று இவர்கள் சொன்ன சம்மேளனத்தின் மலேசியக் கிளை அந்தப் பதிவில் இல்லை.

பணம் அனுப்பும் முன் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அதில் ஒன்றும் வரவில்லை என்றால் இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் பொருள். அனுப்பி ஏமாந்தது உடனே தெரிந்துவிட்டால் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்துவது கடினம்.

ஜொகூர் போஸ்டரில் வரிசையாகக் கம்போடு நிற்கும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். பெற்றோர் யாரும் அனுமதி கொடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி எழுதியும் இன்னும் எடுக்கவில்லை. நீலச் சட்டை போட்டு ஓரத்தில் நிற்பவன்தான் கட்டைவிரல் உடைந்த பையன். அந்தப் போஸ்டர் உங்கள் குழுவுக்கு வந்தால் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் கணக்கு எண்ணோடு எனக்கு அனுப்புங்கள். தீர்ப்பாய மனுவோடு சேர்க்க வேண்டும்.