"அண்ணா" என்றதும் நம்பினேன், 7,450 ரேண்ட் போச்சு: டர்பன் பக்கம் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் துப்பாக்கிக் கடைக்காரரோடு பேசிவிட்டுப் போனை வைத்தேன். கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது 7,450 ரேண்ட். எங்கள் வீட்டு இரண்டு மாத மளிகைக் காசு.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பெண் எடுத்து, பதினான்கு வருடமாக இங்கேதான் இருக்கிறேன், நிரந்தரக் குடியிருப்பு அனுமதி உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த ஊர் எரிந்ததை வீட்டு மாடியில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி என்ற பேச்சே வீட்டில் வந்தது. பயிற்சி, தகுதிச் சான்றிதழ், வீட்டில் சுவரோடு போல்ட் போட்ட பெட்டகம், போலீஸ் விண்ணப்பம் எல்லாம் முறையாக முடித்து, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் தற்காப்பு லைசென்ஸ் வாங்கினேன். துருக்கியில் செய்த 9 மி.மீ. பாலிமர் பிஸ்டல், 9,200 ரேண்ட். விலை குறைந்த ரகம்தான், ஆனால் வாங்கியதிலிருந்து ஒரு தோட்டாகூட அதில் சிக்கியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் பழியை அந்த பிஸ்டல் மேலேதான் போட்டார்கள்.

குறை என்று பார்த்தால் இரண்டே இரண்டு. ட்ரிகர் கொஞ்சம் கரகரப்பு. குறிபார்க்கும் சைட் பிளாஸ்டிக், மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. எதை முதலில் மாற்றலாம் என்று கேட்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடை பெயர் எழுதப் போவதில்லை. மால் உள்ளே இருக்கும் பெரிய கடை இல்லை. துப்பாக்கி, தோட்டா, மீன்பிடிச் சாமான், கத்தி எல்லாம் ஒரே கவுண்டரில் வைத்து விற்கிற மாதிரியான கடை. அவ்வளவு போதும்.

கவுண்டரில் இருந்தவர் நம்ம ஆள். என் நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் "வணக்கம் அண்ணா" என்றார். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினார். கரும்புத் தோட்டத்துக்கு வந்த கொள்ளுத்தாத்தா, தைப்பூசத்துக்கு உம்கேனி ரோடு கோயிலில் காவடி என்று பத்து நிமிடம் ஓடியது. இந்த ஊரில் அன்னியர் வாயில் "அண்ணா" என்ற சொல் எப்போதாவதுதான் காதில் விழும். அது விழுந்த இடத்தில் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஒரு மாதிரி பிஸ்டலை எடுத்து, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டா ஏறும் சேம்பர் காலி என்று காட்டி என் கையில் கொடுத்தார். இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் விரல் போன மாதிரி இருந்தது. "உங்களோடதையும் இப்படி ஆக்கிடலாம் அண்ணா. மலிவான துப்பாக்கி வாங்கி அப்கிரேட் பண்றதுதான் புத்திசாலித்தனம். தனித்தனியா செய்தா கூலி ஏறும், ஒரே தடவையில முடிச்சிடுங்க" என்றார். ட்ரிகர் கிட் 2,900, சைட் 2,150, ஸ்ப்ரிங் செட் 850, கூலி 1,550. மொத்தம் 7,450. பணத்தை அங்கேயே கட்டினேன். துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தேன். கொடுத்தது ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. அதில் சீரியல் நம்பர்கூட இல்லை. பத்து நாள் என்றார்கள், ஆறு வாரம் ஆயிற்று. என் பெயரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஆறு வாரம் எங்கே, யார் கையில் இருந்தது என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. "என்னங்க, அதை வச்சு யாராவது ஏதாவது செஞ்சா போலீஸ் நம்ம வீட்டுக்குத்தானே வரும்" என்று மனைவி அன்றே கேட்டாள்.

போன சனிக்கிழமை மனைவியின் தாய்மாமாவோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற வழியில் உள்ள சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போனேன். மாமா நாற்பது வருடமாகச் சுடுகிறவர். ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்றை உடைத்தேன். மூன்றாவதிலேயே "டிக்" என்று வெறும் சத்தம். பொறுத்திருந்து எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் அடியில் வெடியைப் பற்றவைக்கும் ப்ரைமரில் நகக்குறி மாதிரி ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ஐம்பதில் பதினொன்று வெடிக்கவில்லை. மாமா அந்தப் பதினொன்றையும் தன் பிஸ்டலில் போட்டார், பதினொன்றும் வெடித்தன. அதே தோட்டாவில் இன்னொரு பெட்டியை அவர் பிஸ்டலிலேயே சுட்டோம், ஒன்றும் தவறவில்லை.

மாமா பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைக் கழற்றிப் பார்த்தார். "மாப்பிள்ளை, ட்ரிகர் லேசா இருக்கணும்னு ப்ரைமரைக் குத்துற ஊசியைத் தள்ளுற ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கை மெலிசா போட்டிருக்கான். கடையில வெறுமனே இழுத்துக் காட்ட நல்லா இருக்கும். ப்ரைமரை அடிக்க வலு வேண்டாமா?" என்றார். முன் சைட்டும் நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி இருந்தது. முன் சைட் இடப்பக்கம் போனால் குண்டு வலப்பக்கம் போகும். பத்து மீட்டரில் நாலு விரல் வலப்பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. சைட்டைத் தள்ளுவதற்கென்றே கருவி உண்டு. இவர்கள் சுத்தியால் தட்டியிருக்கிறார்கள். ஸ்லைடின் கறுப்புப் பூச்சில் மூன்று இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. வீட்டைக் காக்க வாங்கிய துப்பாக்கி, ஐந்து தடவை அழுத்தினால் ஒரு தடவை வெடிக்காது. இதற்கு நான் 7,450 ரேண்ட் கொடுத்திருக்கிறேன்.

திங்கள்கிழமை கடைக்குப் போனேன். தோட்டா மட்டம் என்றார்கள். மாமாவின் பிஸ்டலில் வெடித்ததைச் சொன்னேன். அப்படியென்றால் நான் பிடிக்கிற பிடி தளர்வு என்றார்கள். பிடி தளர்ந்தால் கூடு வெளியே வராமல் சிக்கலாம், ப்ரைமர் எப்படி அடிபடாமல் போகும் என்று கேட்டேன். அப்புறம், புது ஸ்ப்ரிங், ஐந்நூறு தோட்டா சுட்டால் பழகிவிடும் என்றார்கள். சரி, என் பழைய ஸ்ப்ரிங்கையும் ட்ரிகரையும் கொடுங்கள், நானே வேறு இடத்தில் மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "அதெல்லாம் குப்பையில போட்டாச்சு." என் காசில் வாங்கிய பாகங்கள்! வேலை செய்த கன்ஸ்மித்தைப் பார்க்கணும் என்றேன், அவர் ஜோகன்னஸ்பர்க் போயிருக்கிறாராம். அவருடைய கன்ஸ்மித் லைசென்ஸைக் காட்டுங்கள் என்றதும் முகம் மாறியது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு அட்டையைக் காட்டினார்கள்: பொருத்திய சாமானுக்குப் பணம் திரும்பக் கிடையாது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். இன்று காலை நானே கூப்பிட்டேன். அதே ஆள். இந்தத் தடவை அண்ணா இல்லை, சார். "சார், மலிவான துப்பாக்கி வாங்கிட்டு என்ன எதிர்பார்க்கிறீங்க?" மலிவானதை வாங்கி அப்கிரேட் செய்வதுதான் புத்திசாலித்தனம் என்று சொன்ன அதே வாய்.

எதை முதலில் மாற்றுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். துப்பாக்கியை வைக்க நல்ல ஹோல்ஸ்டர் உறை, கூடுதலாக இரண்டு கம்பெனி மேகசின், இவைதான் முதலில். அடுத்தது தோட்டா. நான் வாங்கும் தோட்டா ஒன்று 6 ரேண்ட். 7,450 ரேண்டுக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் சுட்டிருக்கலாம். ஒரே நேரத்தில் 200தான் வைத்துக்கொள்ளலாம், பரவாயில்லை, மாதாமாதம் வாங்கிச் சுடுங்கள். ட்ரிகர் கரகரப்பு பாதி அதிலேயே தேய்ந்து போகும் என்கிறார் மாமா. கண்ணுக்குத் தெரியாவிட்டால் சைட்டை மாற்றுங்கள். தற்காப்புக்கு வைத்திருக்கும் பிஸ்டலில் ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கை யாரையும் தொட விடாதீர்கள். பேரல், அதாவது குண்டு போகும் குழலை, மாற்றலாம் என்று யாராவது சொன்னால், இங்கே அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், மறக்காதீர்கள். சீரியல் நம்பரோடு ரசீது வாங்காமல் துப்பாக்கியைக் கையைவிட்டு விடாதீர்கள். கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்து வைத்துத் திருப்பித் தர வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவே சொல்கிறது. எனக்கு அது நேற்றுத்தான் தெரிந்தது.

14 நாள் கெடு வைத்துக் கடிதம் எழுதிவிட்டேன், திங்கள்கிழமை நேரில் கொடுக்கிறேன். பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். 20,000 ரேண்ட் வரை வக்கீல் இல்லாமல் நாமே போகலாம். மாமா சாட்சிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். அந்தப் பதினொன்றையும் முதல் அடி விழுந்ததும் படம் எடுத்து வைத்திருந்தேன்.

பிஸ்டல் பெட்டகத்தில் கிடக்கிறது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும், லைசென்ஸைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் கன்ஸ்மித் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். கம்பெனி ஸ்ப்ரிங்கைத் திரும்ப மாட்ட வேண்டும்.