கருவாட்டுக் கொட்டகையில கான்பான் போர்டு: ரொம்ப நாள் ஓட்டிப் பாத்த அனுபவம்

மண்டபத்துல குழுவா சேர்ந்து கடல்பாசி வளர்க்க மிதவை போடுற என் சிநேகிதி கேட்டா, "உன் கொட்டகைல ஒரு போர்டு மாட்டிருக்கியே, அதுல உண்மையிலயே பிரயோஜனம் இருக்கா, நாங்களும் வைக்கலாமா"ன்னு. அவ கேட்ட அதே வாரம்தான் பழைய போர்டு துருப்பிடிச்சு ஆணியோட பேந்து வந்து புதுசு மாட்டுனோம், அதே வாரம்தான் அந்த போர்டால ஒரு சம்மாட்டியோட, அதாவது படகு வச்சிருக்கிறவரோட, மனஸ்தாபமும் ஆச்சு. அதனால அந்த சூட்டோட எழுதுறேன், கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கங்க.

கான்பான்னா, வேலை எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு போர்டுல அட்டைய நகத்திக் காட்டுற முறை; அத முதல்ல இருந்து சொல்லல, யூடியூப்ல தமிழ்லயே நிறைய கிடக்கு. டொயோட்டால தாய்ச்சி ஓனோ கொண்டு வந்தது, அமெரிக்க சூப்பர்மார்க்கெட்ல ஆளுங்க எடுத்த அளவுக்குத்தான் அலமாரிய திரும்ப நிரப்புறாங்கங்கறதுல இருந்து பிடிச்ச யோசனை, ரொம்ப காலம் கழிச்சு சாப்ட்வேர்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் கத்துக்கிட்டது ராமநாதபுரத்துல நடந்த ஒரு சிறுதொழில் பயிற்சில. எங்களுது பாம்பன் பக்கம் சின்ன கொட்டகை, நெத்திலி, காரல், சூடை, சீசன்ல வாளை. போர்டுல அஞ்சு கட்டம்: வந்தது, கழுவி உப்பு, காயுது, தரம் பிரிப்பு, பேக்கிங். ஒரு பெட்டி மீனுக்கு ஒரு அட்டை. எங்ககிட்ட நெத்திலிக்கு உப்பு கிடையாது, அந்த அட்டை மட்டும் ஒரு கட்டம் தாண்டி நேரா 'காயுது'க்குப் போயிடும்.

போர்டு பத்தி ஒரே வார்த்தை, இரும்புத்தகடு வச்ச வெள்ளை போர்டு இந்தக் கரைல நிக்காது, உப்புக்காத்து ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டே வரும். இப்ப மரைன் ப்ளைவுட்ல கருப்பு பெயிண்ட் அடிச்சு சாக்பீஸ்தான். ஜோரா இருக்கு.

விஷயத்துக்கு வரேன். கான்பான்ல எல்லாரும் கட்டத்தையும் அட்டையையும்தான் பேசுவாங்க, ஆனா அதோட உயிரு கட்டத்துக்கு மேல எழுதுற நம்பர்லதான் இருக்கு. 'காயுது'ங்கற கட்டத்துக்கு மேல நாங்க 8னு எழுதிருக்கோம். அங்க எட்டு அட்டை இருந்தா ஒம்பதாவது உள்ள போகக் கூடாது, ஒண்ணு காஞ்சு வெளிய போனாத்தான் அடுத்தது. இந்த ஒரு நம்பர் எங்க கொட்டகைய மாத்துன மாதிரி வேற எதுவும் மாத்தல, அத மனசார சொல்றேன்.

ஏன்னா ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961ல நிரூபிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. சராசரியா உள்ள நிக்கிற சரக்குங்கறது, ஒரு நாளைக்கு வெளிய போற அளவு பெருக்கல் ஒரு பெட்டி உள்ள கிடக்கிற நாள். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு பெட்டி காஞ்சு வெளிய போகுதுன்னு வைங்க, உள்ள எட்டு இருந்தா ஒவ்வொண்ணும் ரெண்டு நாள், பதினாறு இருந்தா நாலு நாள். மேடையும் அதே, வெயிலும் அதே, ஆளும் அதே, நம்ம ஆசைப்பட்டு கூட எட்டு பெட்டி வாங்கிப் போட்டதால ஒரு கிராம் கூட சீக்கிரம் காயப்போறதில்ல, ஆனா எல்லாமே ரெண்டு நாள் அதிகமா ஈயோடயும் ராத்திரி பனியோடயும் கிடக்கும். வாடைக்காத்து அடிக்கிற ஐப்பசி கார்த்திகைல அந்த ரெண்டு நாள்லதான் புழு வைக்கும், நாத்தம் எடுக்கும், முதல் தரம் போக வேண்டியது கோழித்தீவனத்துக்குப் போகும். நம்பர் எழுதுனதுக்கப்புறம் கோழித்தீவனத்துக்குப் போறது கண்ணுக்கு முன்னாடி குறைஞ்சுது.

இன்னொண்ணு நான் எதிர்பார்க்கவே இல்ல. முன்னாடி மீன் போதும்னு சொல்ற வாய் என் வாய் மட்டும்தான், நான் சந்தைக்குப் போயிருந்தா வந்ததெல்லாம் உள்ள வந்துடும். இப்ப தரம் பிரிக்கிற அக்கா போர்டக் காட்டி "எட்டு இருக்கு, ஏலத்துல இனி எடுக்காதீங்க"ன்னு எனக்கே போன் பண்றாங்க. டொயோட்டாவுலயும் கோளாறு தெரிஞ்சா லைன்ல நிக்கிற யாரு வேணா கயித்த இழுத்து வேலைய நிறுத்தலாம்னு ஒரு ஏற்பாடு உண்டு, அதைப் பயிற்சில சொன்னப்ப பெரிய கம்பெனி சமாச்சாரம்னுதான் நினைச்சேன். கூலி வாங்கறவங்க முதலாளிய நிறுத்துறது நம்ம பக்கம் சாதாரணம் இல்ல. அத நினைச்சா எனக்கு இப்பவும் சந்தோஷமா இருக்கு.

இப்ப கோவத்துக்கு வரேன். இந்த முறைல ஒரு நினைப்பு அடில ஒளிஞ்சிருக்கு, சரக்கு குடுக்கிறவன் காத்திருப்பான்னு. டொயோட்டாவுக்கு போல்ட் குடுக்கிற கம்பெனி காத்திருக்கும், அட்டை வந்தாத்தான் அனுப்பும். கடல் காத்திருக்காது. விசைப்படகு வாரத்துல மூணு நாள்தான் போகும், அந்த ராத்திரி நெத்திலி அள்ளுச்சுன்னா எல்லார் வலையிலயும் அள்ளும், விடியக்காலைல மொத்தமும் கரைல கிடக்கும். இல்லன்னா எல்லாருக்குமே இல்ல. நம்ம தொழில் முன்பணத்துலயும் முகத்துலயும் ஓடுது. விலை விழுந்த அன்னைக்கு நாம எடுத்துக்கிட்டாத்தான் மீன் இல்லாத அன்னைக்கு நமக்கு ஒதுக்குவாங்க. அன்னைக்கு எட்டு அட்டை இருந்துச்சு, எனக்கு வருசக்கணக்கா மீன் குடுக்கிற சம்மாட்டி வந்து நிக்கிறாரு, நான் வேணாம்னுட்டேன். "என்ன தங்கச்சி, பலகையப் பாத்துத்தான் மீன் வாங்குவியாக்கும், கடலு பலகையப் பாத்தா குடுக்குது"ன்னு கேட்டாரு. "அண்ணே, காயப்போட எடமில்லண்ணே"ன்னேன். ஒண்ணும் பேசாம போயிட்டாரு, மறுநாள் அவரு வாளை வேற கொட்டகைக்குப் போச்சு. அந்த வாளைக்கு எவ்வளவு மதிப்புன்னு எந்தக் கட்டத்துல எழுதறது? காஞ்ச மீனக் காப்பாத்துன நம்பரு மீன் குடுக்கிற மனுசனத் துரத்துது. பயிற்சில இத யாரும் ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் எனக்கு ஆறல.

அப்புறம் அந்த எட்டுங்கற நம்பரே நிலையா நிக்காது. கச்சான் காத்து அடிச்சா நெத்திலி ஒரே பகல்ல சலசலன்னு காஞ்சுடும், அன்னைக்கு பன்னெண்டு கூட தாங்கும். மோடம் போட்டா அஞ்சே அதிகம். அதனால இப்ப காலைல காத்தப் பாத்துட்டு அந்த அக்காதான் நம்பர அழிச்சு எழுதறாங்க, நான் தலையிடறதில்ல. புத்தகப்படி இது சரியான்னு தெரியாது, மீனுக்கு இதுதான் சரி.

கூடவே சொல்லிக் குடுத்த மத்ததுல, தினம் பத்து நிமிசம் நின்னுக்கிட்டே பேசுற கூட்டம் நல்லா ஓடுது, ஆனா படகு வந்தப்புறம்தான், மணி வச்சு நடக்காது. ஓகேஆர்னு மூணு மாசத்துக்கு ஒரு இலக்கு வைக்கிற முறை, இன்டெல்ல ஆண்டி குரோவ் வச்சது, 1999ல கூகுளுக்குப் போனது, அதை விட்டுட்டேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், நிதியாண்டோட முதல் குவார்ட்டர்ல பெரும்பகுதி விசைப்படகே கரைல கிடக்கு, நாட்டுப்படகு மீன மட்டும் வச்சு என்ன இலக்கு எழுதறது?

சரி, தீர்ப்பு. மேல இவ்வளவு புகழ்ந்துட்டு இத சொல்றது ஒரு மாதிரியாத்தான் இருக்கு, ஆனா இன்னைக்கு என்ட்ட கேட்டா அஞ்சுக்கு ரெண்டுதான் குடுப்பேன். புதுசா கருவாடு ஆரம்பிக்கிறவங்க, சம்மாட்டிங்களோட இன்னும் பழக்கம் பிடிக்காதவங்க, இத வைக்காதீங்க, முதல்ல ஆளச் சம்பாதிங்க. என் போர்ட நான் கழட்டப் போறதில்ல, நம்பரும் இருக்கும், அக்கா விட மாட்டாங்க. வாற மாசம் அந்த அண்ணன் திரும்ப மீன் குடுத்தா நான் நாலு குடுத்தாலும் குடுப்பேன்.

ஆனா மண்டபத்து சிநேகிதி, நீ வை. உனக்கு இது பொருந்தும், ஏன்னா உன் சரக்கு வர்ற நாள் உன் கைல இருக்கு. பாசி வளர 45 நாள் கணக்கு, நம்ம கரைல ஒரு ஆளுக்கு 45 மிதவைன்னு வச்சு நாளுக்கு ஒண்ணு போட்டு நாளுக்கு ஒண்ணு எடுக்கிறாங்களே, அதுவே பாதி கான்பான்தான், ஓனோ பேரு தெரியாமலே நம்ம பொம்பளைங்க பண்ணிட்டு இருக்காங்க. உங்க குழுவுல எல்லாரும் ஒரே வாரத்துல மிதவை இறக்கிடறீங்க, சிக்கல் அங்கதான், எடுக்கிறப்ப மொத்தமும் ஒண்ணா வந்து காயப்போட எடமில்லாம மணல்ல கொட்டுறீங்க. முதல்ல இறக்குற நாள பிரிச்சு வைங்க. அப்புறம் காயப்போடுற எடத்துக்கு மட்டும் ஒரு நம்பர் எழுது, மிதவைக் கணக்குல வேணாம், ஈரக் கிலோ கணக்குல எழுது, காஞ்சா எடை பத்துல ஒரு பங்குக்கு இறங்கிடும், வெயில்ல எடத்த அடைக்கிறது ஈரம்தான். ஞாயித்துக்கிழமை வரேன், கட்டம் போட்டுத் தர்றேன்.