மனக்கணக்கு வகுப்பில் பன்னிரண்டு சனிக்கிழமைகள்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தாளும் பென்சிலும் கொடுத்துத் தனியே விட்டுவிட்டால் பெருக்கலையும் வகுத்தலையும் ஒழுங்காகவே செய்வாள். கேட்டவுடன் வாயால் விடை சொல்ல வேண்டும் என்றால் மட்டும் "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்று ஒதுங்கிவிடுவாள். அந்தத் தயக்கம் நீங்கட்டும் என்றுதான் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு மனக்கணக்குப் பயிற்சி மையத்தில், முதல் நிலை வகுப்பில் அவளைச் சேர்த்தேன். பன்னிரண்டு சனிக்கிழமைகள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், பயிற்சிப் புத்தகத்துடன் சேர்த்துக் கட்டணம் 3,600 ரூபாய். குறைகளையும் எழுதப்போவதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பாடங்களை அடுக்கியிருக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் நாளிலேயே 5இல் முடியும் எண்களின் வர்க்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். 35இன் வர்க்கம் வேண்டுமென்றால், 3ஐ அதற்கு அடுத்த எண்ணான 4ஆல் பெருக்கி 12 என எழுதி, பக்கத்தில் 25ஐச் சேர்த்தால் 1225. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே 75க்கு 5625, 95க்கு 9025 என்று சொல்லிக்கொண்டே போக, நான் கைபேசியில் சரிபார்த்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் போனேன். அப்பாவை முந்திவிட்ட அந்தப் பெருமைக்கே கட்டணத்தில் பாதி செரித்துவிட்டது. மூன்றாவது வாரம் 100ஐ ஒட்டிய எண்களின் பெருக்கல் வந்தது. 97ஐ 96ஆல் பெருக்க, 100க்கு ஒன்றில் 3 குறைவு, மற்றதில் 4 குறைவு. 97இலிருந்து 4ஐக் கழித்தால் 93, மூன்றையும் நான்கையும் பெருக்கினால் 12, ஆக விடை 9312.

சிக்கல் 11ஆல் பெருக்கும் பாடத்தில் தொடங்கியது. 43ஐ 11ஆல் பெருக்க, 4க்கும் 3க்கும் நடுவில் அவற்றின் கூட்டுத்தொகையான 7ஐ வைத்தால் 473 என்று கற்றுக்கொண்டு வந்தவள், 78ஐ 11ஆல் பெருக்கி 7158 என்று எழுதி வைத்திருந்தாள். ஏழும் எட்டும் பதினைந்து, அதை நடுவில் வைத்துவிட்டாள். விதிப்படி அது சரிதானே! 78ஐப் பத்தால் பெருக்கினாலே 780தான் வரும், பதினொன்றால் பெருக்கினால் மட்டும் ஏழாயிரம் எப்படி வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. 11 என்பது பத்தும் ஒன்றும்தான், 780உடன் 78ஐக் கூட்டினால் 858 என்று நான் சொன்னபோது, "இதை ஏன் அங்கே சொல்லல?" என்று கேட்டாள். அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் இதை எடுத்துச் சொன்னேன். கூட்டுத்தொகை பத்தைத் தாண்டும் கணக்குகள் பின்னால் வரும் பாடம் என்றும், இந்த வயதில் காரணம் சொன்னால் குழந்தைகள் குழம்பிவிடுவார்கள் என்றும் பதில் வந்தது. முன்னதை ஏற்கிறேன், பின்னதை ஏற்க முடியவில்லை. ஒரு குறுக்குவழி எந்த எண்களுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அதன் காரணம் தெரிந்த குழந்தையால்தான் சொல்ல முடியும். 47ஐ 52ஆல் பெருக்கச் சொன்னபோதும் அவள் 100க்கு எவ்வளவு குறைவு என்றே தொடங்கி, 53ஐயும் 48ஐயும் பெருக்க வேண்டிய இடத்தில் போய் மாட்டிக்கொண்டாள். ஐம்பது தடவைக்கு 2350, இன்னும் இரண்டு தடவைக்கு 94, மொத்தம் 2444 என்று போகும் எளிய வழி அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

ஒவ்வொரு வகுப்பின் கடைசி இருபது நிமிடமும் நிறுத்துகடிகாரத்துக்கு உரியது. வேகமாக முடித்தவர்களின் பெயர் பலகையில் ஏறும். எந்தப் பதற்றத்தைப் போக்க மகளை அனுப்பினேனோ அதே பதற்றத்தை வாரந்தோறும் இருபது நிமிடம் காசு கொடுத்து வாங்கியதாக எனக்குப் பட்டது. ஐந்தாவது வாரத்திலிருந்து அவளை அந்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டேன். அவர்களும் மறுப்புச் சொல்லவில்லை.

விளம்பரத் தாளில் 'பல்லாயிரம் ஆண்டுப் பழமையான வேத கணிதம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த முறைகள் பூரி கோவர்த்தன மடத்தின் சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் 16 சூத்திரங்களாகத் தொகுத்தவை. அவர் 1960இல் மறைந்த பிறகு 1965இல்தான் நூலாக வெளிவந்தன. அந்தச் சூத்திரங்கள் வேதங்களில் இல்லை என்பதைக் கணித அறிஞர்கள் எப்போதோ சுட்டிக்காட்டிவிட்டார்கள். கணக்கு சரியாக வரும்போது பொய்யான வயது எதற்கு? பழமைதான் வேண்டுமென்றால், திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த எண்சுவடி நம்மிடமே இருக்கிறது. அதில் முழு எண்களுக்கு மட்டுமின்றி அரைக்கால், மாகாணி போன்ற பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. பதினாறணா ரூபாயில் அது ஓரணா. கடைத்தெருவில் அன்றாடம் புழங்கியதைத்தான் அந்தப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள்.

சென்ற வாரம் காய்கறிக் கடையில் கிலோ 98 ரூபாய் என்று எழுதியிருந்த பீன்ஸில் மூன்று கிலோ வாங்கினோம். கடைக்காரர் கணிப்பானைத் தேடுவதற்குள் "முந்நூறில் ஆறு குறைச்சால் 294" என்றாள் மகள். வகுப்பில் படித்த எந்த விதியும் அது இல்லை, அவளாகவே கண்டுபிடித்தது. ஆனால் 100க்கு எவ்வளவு குறைவு என்று பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். அதனால் முதல் நிலை வகுப்பைப் பரிந்துரைக்கிறேன், வீட்டில் ஒருவர் உடன் உட்கார்ந்து ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்ல முடியுமென்றால் மட்டும். இரண்டாம் நிலைக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன், அதே குறுக்குவழிகள் இன்னும் பெரிய எண்களில். நாங்கள் சேரவில்லை.